கலைமணி அம்மையாரின் தோட்டத்துக்கு நாம் ஊற்றிய தண்ணீர்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் வைத்திலிங்கம் அவர்களே, கடலூர் வீட்டுத் தோட்ட நண்பர்களே, சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் உறுப்பினர்களே, அம்மையாரின் மகன் செம்பியன் அவர்களே, வணக்கம்.

இன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்தது, திருப்பாதிரிப்புலியூரில் கலைமணி அம்மையாரின் வீட்டுக்குப் போய், நித்தியகல்யாணிப் பாத்தியில் விரலை விட்டுப் பார்த்ததுதான். மண் சொதசொதவென்று இருந்தது. விரலை முகர்ந்தேன். அழுகல் வாடை.

அம்மையார் மறைந்த மறுநாளிலிருந்து நாம் என்ன செய்தோம்? துக்கம் கேட்கப் போனோம். போனவர்களெல்லாம் ஆளுக்கொரு குடம் ஊற்றினோம். "அவுங்க இல்லாம செடியெல்லாம் ஏங்கிக் கெடக்குது பாரு, பாவம்" என்று பக்கத்து வீட்டுத் தில்லையம்மாள் இரண்டு வேளையும் ஊற்றினார். எத்தனை அன்பு! அந்த அன்பில்தான் கற்றாழை குழைந்தது. பிரண்டை கணுக்கணுவாகக் கழன்றது.

யாருடைய தோட்டம் அது? தெருவே குடத்தோடு லாரிக்குக் காத்து நின்ற கோடைகளிலும் பச்சையாக நின்ற தோட்டம்! அஞ்சலகப் பணி ஓய்வுக்குப் பின் நம் 'தோட்டத் தாய்' உண்டாக்கிய தோட்டம்! தண்ணீர் கேட்கும் வாழையையும் கறிவேப்பிலையையும் பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடும் பக்கம் வைத்தார். கேட்காத செடிகளை வெயில் பக்கம் வைத்தார். களிமண் வெடிக்காமலிருக்கத் தென்னை மட்டைகளைப் பரப்பினார். அந்த மட்டைகளுக்கடியில்தான் நம் தண்ணீர் காய வழியில்லாமல் தங்கிவிட்டது.

முதுநகர் ராபர்ட் சார் ஒருமுறை அம்மையாரிடம் தன் வீட்டு முன்னால் புல்தரை வேண்டுமென்றார்.

"புல்லா? ஏன் ராபர்ட்டு, மாடு கீடு வாங்கப் போறியா?"

"அழகா இருக்குமேக்கா."

"உன் போர் தண்ணிய வாயில வைக்க முடியல, அவ்ளோ உப்பு. அதக் குடிச்சா புல்லு உன்னத்தான் திட்டும்."

அரளியும் ஆவாரையும் வைத்துக் கொடுத்தார். பூத்துக் குலுங்கின. பிறகு கார் வந்தது, சிமென்ட் வந்தது. ராபர்ட் சாரை மட்டும் குறை சொல்லவில்லை. அம்மையார் அமைத்த தோட்டங்கள் எத்தனை வீடுகளில் மிஞ்சியிருக்கின்றன? கை தூக்கச் சொன்னால் எத்தனை கைகள் எழும்?

அம்மையாருக்கும் அது தெரியும். "எல்லாரும் டைல்ஸ் போட்டுட்டாங்க. என் வாசல் ஒண்ணுதான் மண்ணு. நான் போனா அதுவும் போயிடும்" என்றார் கடைசியாக.

நேற்று செம்பியன் சொன்னார்: "எல்லாம் செத்துப்போச்சுக்கா. நான் மெட்ராஸ்ல இருக்கேன், யாரு பாக்கறது? ஆடி வரைக்கும் விடறேன். ஒண்ணுமே துளிர்க்கலன்னா சிமென்ட் போட்டுடப் போறேன்." அதில் தவறில்லை. கேட்டின் சாவியையும் என்னிடம் கொடுத்தார்.

தினம் ஒருவராக முறை வைத்துத் தோட்டத்தைக் காப்போம் என்று தலைவர் சற்று முன் அறிவித்தார். அனைவரும் தலையசைத்தீர்கள். மறுபடியும் குடங்களா, நண்பர்களே?

அம்மையார் வீட்டு அரளியின் வேர் ஒருவேளை தப்பியிருக்கலாம். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் அவர் பணியைத் தொடர எனக்கு ஒரு வழிதான் தெரிகிறது. இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, செம்பியனிடம்கூட. இங்கிருந்து நேரே போய் மட்டைகளை விலக்கி மண்ணைக் காயவிட்டு, கேட்டைப் பூட்டப் போகிறேன். ஆடி வரை குடத்தோடு யார் வந்தாலும் திறக்க மாட்டேன்.

தலைவர் அவர்களே, நீங்கள் வந்தாலும்.