ஹான் என்ற எழுத்து மாறிய விதம்

ஆண்டு மலருக்கு நான்கு பக்கம் கேட்டிருந்தீர்கள். கண்ணாடி மாற்ற வேண்டியிருந்ததால் இரண்டு வாரம் தாமதமாகிவிட்டது. நீங்கள் அனுப்பிய மலரின் வரைவையும் படித்தேன். அச்சு நன்றாக இருக்கிறது. முப்பத்தோராம் பக்கத்தில் மட்டும் ஒரு பிழை. அதைக் கடைசியில் திருத்துகிறேன்.

இன்றைய வைத்தியர்கள் பலருக்குப் பழைய சீன எழுத்துகள் தெரியாது. அவர்களுக்காகச் சொல்கிறேன். நம் சங்கத்தின் பெயர் தொடக்கத்தில் ‘ஹான் வைத்தியர் சங்கம்’. இன்றும் அதுதான் பெயர். ஆனால் பழைய ‘ஹான்’ சீனத்து அரச வம்சத்தைக் குறிக்கும் எழுத்து. இப்போதைய ‘ஹான்’ நம் கொரிய நாட்டைக் குறிக்கும் எழுத்து. வாயால் சொன்னால் இரண்டும் ஒன்றே, எழுதினால்தான் வேறு. காதுக்குக் கேட்காத இந்த மாற்றத்துக்காக ஜேசொன் ஊரில் அறுபத்தொரு வைத்தியர்கள் ஒரு மாதம் சண்டை போட்டோம் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எங்களுக்கு வரவில்லை.

சியோல் ஒலிம்பிக்ஸுக்கு மூன்று ஆண்டுகள் இருந்தன. அப்போது சங்கத் தலைவர் நான். எழுத்தை மாற்றத் தீர்மானம் கொண்டுவந்ததும் நான்தான். நம் நோயாளியின் நாடியை நம் மலையில் விளைந்த வேரால் சரிசெய்துவிட்டு, அதற்கு இன்னொரு நாட்டு வம்சத்தின் பெயரைப் பலகையில் எழுதி வைத்திருப்பது எனக்கு உறுத்தியது. நான்கு தலைமுறையாக வைத்தியம் பார்க்கும் குடும்பம் எங்களுடையது. நாம்குங் என்ற எங்கள் குலப்பெயர் சீன எழுத்தில் எழுதினால் இரண்டு எழுத்து. ஜப்பான்காரன் ஆட்சியில் எல்லோரையும் பெயர் மாற்றச் சொன்னபோது, ஊரில் பத்தில் எட்டு வீடு மாற்றியது. எங்கள் வீட்டில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. இதைச் சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள்.

தீர்மானத்தை எதிர்த்தவர் மா தோக்சு. என்னைவிட ஆறு வயது மூத்தவர், சந்தைத் தெருவில் வைத்தியசாலை வைத்திருந்தார். நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். சபையில் என்னைத் ‘தலைவரே’ என்பார், வெளியில் ‘ஹ்யோக்’ என்று பெயர் சொல்லுவார். கெட்ட மனிதர் இல்லை. வாய்தான் அடங்காது.

முதல் கூட்டத்தில் நான் அரைமணி நேரம் பேசினேன். முடித்ததும் அவர் எழுந்தார். பழைய மருத்துவ நூல்களைப் பற்றிச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கதை சொன்னார். ஜப்பான் காலத்தில் உரிமம் புதுப்பிக்கும் வரிசையில் என் தந்தைக்குப் பின்னால் நின்றாராம்.

“என் குலப்பெயர் ஒத்தை எழுத்து. இன்னொண்ண ஒட்டவெச்சாதான் விட்டானுங்க, ஒட்டவெச்சேன். தலைவரோட அப்பாவுக்கு அந்தத் தொல்லை இல்ல. ரெண்டு எழுத்து, ஜப்பான்காரன் பேரு மாதிரியே இருந்துச்சு. அதிகாரி அதையே அவன் பாஷையில ‘மினாமிமியா’ன்னு படிச்சான். ஐயாவும் ‘ஆமாங்க’ன்னு கை தூக்கினாரு. எழுத்து அப்படியே இருந்துச்சு, சத்தம் மாறிடுச்சு. இப்ப மகன் சத்தத்த விட்டுட்டு எழுத்த மாத்துறாரு. ரெண்டு தலைமுறையில வேலை முடிஞ்சிடும் போலிருக்கே, தலைவரே.”

மண்டபம் சிரித்தது. என் பக்கம் நின்றவர்களும் சிரித்தார்கள். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த எழுத்தர் பெண்ணும் சிரித்தாள். நான் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வாக்கெடுப்பை அறிவித்தேன்.

சீட்டில் ஒரே ஓர் எழுத்து எழுதச் சொல்லியிருந்தோம். பழைய எழுத்துக்கு இருபத்தேழு, புதியதற்கு இருபத்தேழு. மிச்சம் ஏழு பேர் சீன எழுத்தை மறந்து பழக்கதோஷத்தில் நம் கொரிய எழுத்தில் ‘ஹான்’ என்று எழுதிப் போட்டுவிட்டார்கள். அது எந்த ஹான் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஒரு மாதம் கழித்து மறுபடியும் கூடுவதாக முடிவு செய்தோம்.

பிறகு எல்லோரும் மாட்டெலும்பு சூப் கடைக்குப் போனோம். மா அண்ணன் எதிரில் உட்கார்ந்து முள்ளங்கி கிம்ச்சியைக் கடித்துக்கொண்டே, அந்த வரிசைக் கதையில் இன்னும் பாதி பாக்கி, அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன் என்றார். மேசையே சிரித்தது. அவருடைய கிண்ணத்தில் நான்தான் சோஜு மதுவை ஊற்றினேன், இளையவன் என்ற முறையில், இரண்டு கையாலும்.

அந்த மீதிப் பாதி என்ன என்று எனக்குத் தெரியும். எனக்கு அப்போது பதினான்கு வயது. தந்தை வீட்டுக்கு வந்து கைகால் கழுவினார், சாப்பிட்டார், மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நாங்கள் யாரும் கேட்கவில்லை. ஒரு குடும்பம் கேட்காமல் விட்டதை அறுபத்தொரு பேர் சூப் குடித்துக்கொண்டு கேட்க வேண்டுமா என்று நீங்களே சொல்லுங்கள்.

இனி மருந்து விஷயம். தனக்குத் தானே மருந்து கட்டும் வழக்கம் நம் தொழிலில் பலருக்கு இல்லை. மா அண்ணனுக்குக் குளிர்காலத்தில் கைகால் சில்லிட்டுப் போகும். பதினோரு ஆண்டாக என்னிடம்தான் வருவார். சபையில் என்னைக் கிழித்த வாரத்திலும் வந்து மணிக்கட்டை நீட்டுவார். “என் வாய்க்குத்தான் உன்னைப் பிடிக்காது, என் நாடிக்குப் பிடிக்கும்” என்பார். அவருக்கு நான் கட்டிக்கொடுத்த மருந்தில் நாபிக் கிழங்கு சேரும். முறையாகச் சுத்தி செய்த நாபி உடம்புக்குச் சூடு. சுத்தி செய்யாதது நஞ்சு. நறுக்கி மற்ற வேர்களோடு கலந்துவிட்டால், தேர்ந்த கண்ணுக்கும் அது எளிதில் பிடிபடாது.

அந்த ஆண்டும் இருபது பொட்டலம் வாங்கிப் போனார். மறுநாள் மருமகள் சுன்ரே முதல் பொட்டலத்தைக் காய்ச்சிக் கொடுத்தாள். குடித்தவருக்கு உதடு மரத்தது, பிறகு நாக்கு. மாலைக்குள் முடிந்துவிட்டது. இரண்டாம் கூட்டத்துக்கு ஒன்பது நாள் இருந்தது.

துக்க வீட்டில் சுன்ரே என்னைச் சமையலறைப் பக்கம் ஒதுக்கமாகக் கூப்பிட்டாள். வெள்ளைத் துணி கட்டியிருந்தாள்.

“நீங்க எழுதிக் கொடுத்த மாதிரியே ரெண்டு மணி நேரம் கொதிக்கவிட்டேன் ஐயா. நடுவுல வத்திடுச்சுன்னு ஒரு தரம் பச்சைத்தண்ணி ஊத்தினேன். அதனாலதானா?”

“இருக்கலாம்மா,” என்றேன். “யார்கிட்டயும் சொல்லிக்காதே. நானும் சொல்லமாட்டேன்.”

அவள் என் காலடியில் தலை தரையில் பட விழுந்து வணங்கினாள். மிச்சமிருந்த பத்தொன்பது பொட்டலத்தையும் அவளே எடுத்து வந்து கொடுத்தாள். வீட்டில் வைத்திருக்கப் பயமாக இருக்கிறதாம். நான் கொண்டுபோய் எரித்துவிட்டேன்.

ஆனாலும் அவளே தன் கணவனிடம் சொல்லிவிட்டாள். அவன் இரண்டு ஆண்டு பொறுத்துப் பார்த்துவிட்டு அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டான். அது அவர்கள் குடும்ப விவகாரம், நான் தலையிடவில்லை. அவளை மனத்தில் வைத்துத்தான் வீட்டில் மருந்து காய்ச்சும் முறை பற்றிச் சங்கம் ஒரு துண்டறிக்கை அச்சிட்டது. வாசகங்களை நானே எழுதினேன். இன்றும் பல வைத்தியசாலைகளில் ஒட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு சூசொக் பண்டிகைக்கும் சுன்ரே எனக்குப் பேரிக்காய்ப் பெட்டி அனுப்புகிறாள். அவளால் என் மருந்துக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டதாம். திருப்பி அனுப்பினால் மனம் வருந்துவாள் என்று வாங்கிக்கொள்கிறேன். நல்ல பழம்.

இரண்டாம் கூட்டத்தில் அஞ்சலி உரையை நான்தான் ஆற்றினேன். கடைசியாக நாடி பார்த்த அன்று மா அண்ணன் மனம் மாறியிருந்தார், புதிய எழுத்துக்கே கை தூக்குவதாகச் சொன்னார் என்று அறிவித்தேன். சிலர் அழுதார்கள். நாற்பத்தாறுக்குப் பதினான்கு என்று தீர்மானம் நிறைவேறியது. வரிசைக் கதையை அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை. என் தந்தையின் படம் இன்றும் மண்டபத்தில், அவருடைய சொந்த இரண்டு எழுத்துகளுக்கு மேலே, நேராகத் தொங்குகிறது.

இப்போது அந்தப் பிழை. முப்பத்தோராம் பக்கத்தில், ‘மருந்து காய்ச்சியதில் நேர்ந்த கவனக்குறைவால் மா தோக்சு காலமானார்’ என்று போட்டிருக்கிறீர்கள். தொழில்முறையில் அது தவறு. அந்தச் சட்டியில் எந்தக் குறையும் இல்லை. நடுவில் தண்ணீர் ஊற்றியதாலும் ஒன்றும் ஆகியிருக்காது. இருபது பொட்டலத்திலும் சுத்தி செய்யாத நாபியை நான்தான் வைத்தேன், என் கையால், தெரிந்தே. என் பெயர் வரும் மலரில் மருந்தைப் பற்றித் தவறான செய்தி அச்சாவதை என்னால் ஒப்ப முடியாது. திருத்திவிடுங்கள்.

அஞ்சலி உரையில் நான் சொன்னது கட்டுக்கதை என்று சிலருக்கு இன்னும் சந்தேகம் உண்டு. எங்கள் குடும்பத்தில் யாரும் சபையில் பொய் சொன்னதில்லை. அவர் சொன்னது உண்மை. அன்று முற்பகல் வந்தார், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“அன்னிக்கு என் வாய் ரொம்ப நீண்டுடுச்சு ஹ்யோக். உங்க அப்பா கதைய இனி எடுக்கமாட்டேன். என் கதை மட்டும் என்ன யோக்கியம்? அடுத்த கூட்டத்துல உன் எழுத்துக்கு நானே மொத ஆளா கை தூக்குறேன். சத்தம் ஒண்ணுதானே, செத்தா போயிடுவேன்?”

“சரிண்ணே,” என்றேன்.

பொட்டலங்கள் நூல் சுற்றி மேசைமேல் தயாராக இருந்தன. அவர் கையை நீட்டினார். கட்டி முடித்த பொட்டலத்தை அவிழ்ப்பது எங்கள் வைத்தியசாலையில் வழக்கமில்லை.