கேமராவில் மஞ்சள் அரிசி

எனக்கு எழுபத்திரண்டு வயசு, ஆறு பிள்ளைகளை ஆளாக்கினவ. பம்பாய்ல, சயான் ஸ்டேஷன்ல ரயில் ஏறினேன். எதிர்ல ஒரு புருஷன் பெண்டாட்டி. அவன் மடியில பெரிய கேமரா, பழசா அன்னைக்குத்தான் வாங்கினது.

"வித்தவரு வீட்ல சும்மா வச்சிருந்ததாம்ளா. படம் எப்படி விழுது பாரு!"

"சும்மா இருந்ததுக்குப் பிடி ஏன் இப்படித் தேஞ்சிருக்கு?"

"துடைச்சுத் துடைச்சு வச்சிருப்பாரு."

அவ வளையல்ல கிடந்த ஊக்கை எடுத்து, ஃப்ளாஷ் மாட்டுற இடுக்கில நெம்பினா. மஞ்சள் அரிசி ஒண்ணு விழுந்தது.

"அட்சதைங்க இது. எத்தனை கல்யாணத்துக்கு உழைச்சதோ! நாளைக்கு முலுண்ட் கல்யாணத்துல நீங்க படம் எடுக்கையில, தாலி கட்டுறப்போ இது நின்னுட்டா?"

அவன் அந்த அரிசியை எடுத்துப் பார்த்தான்.

"உன் தம்பி கேமராவையும் கேளு. கூட இருக்கட்டும்."

"காலையில அதை டப்பான்னீங்களே," அப்படின்னு சொல்லிக்கிட்டே போனை எடுத்தா.

ஏட்டி செல்வி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதை எனக்கு வாசிச்சுக் காட்டு. நீயா ஒண்ணும் சேர்க்காதே.