அக்கா வீட்டுத் தோசை

பக்கத்துல தூங்குறவரைக் கொஞ்சம் தட்டி எழுப்புங்க... ஒரு சின்னக் கதை இருக்கு. சாப்பாட்டுக் கதைங்க!

எங்க ஊர்ல நாகலிங்கம்னு ஒருத்தர். சிமெண்ட் கடை வச்சிருக்கார். நாள் பூரா நாற்காலிதான். அடுத்த தெருவுக்குப் போகணும்னாலும் ஸ்கூட்டர்தான். போன வருஷம் தேரோட்டத்துல அவரோட சின்ன மக தேன்மொழி கையை நீட்டுச்சு. "அப்பா, தூக்குப்பா... தேர் தெரியல!" தூக்கினார்... தோளுக்குக் கொண்டு போறதுக்குள்ள மூச்சு வாங்குது... இறக்கி விட்டுட்டார். புள்ள ஊரார் முதுகைப் பார்த்து அழுதுச்சு. மனுஷன் உடைஞ்சு போயிட்டார்.

மறுநாளே டாக்டர்கிட்ட போனார். கூட யாரு? பொண்டாட்டி செண்பகம்... அவரை வளர்த்த அக்கா பூரணம். எடை எக்கச்சக்கம். சர்க்கரை, பிரஷர், முட்டி வலி, குறட்டை... ஒண்ணு பாக்கியில்ல!

டாக்டர் கேட்டார், "ராத்திரி என்ன சாப்பிடுறார்?"

அக்கா முந்திக்கிட்டாங்க. "கடையை மூடிட்டு நேரா என் வீட்டுக்குத்தான் வருவான். நாலே நாலு தோசை டாக்டர்! பாவம், அவ்வளவு பசியோட வர்றான்..."

செண்பகம் வெடுக்குனு திரும்பினாங்க. "என்னது? வீட்டுக்கு வந்து சப்பாத்தி சாப்பிடுறாரே! இளைச்சுட்டாரேன்னு நான் நெய் வேற ஊத்துறேன்!"

டாக்டருக்குச் சிரிப்பு தாங்கல.

"டேய்!"ங்கிறாங்க அக்கா. "ஏங்க!"ங்கிறாங்க பொண்டாட்டி.

மனுஷன் என்ன சொன்னார் தெரியுமா? "வேண்டாம்னா அக்கா மனசு நோகும்... அங்க சாப்பிட்டேன்னா உன் மனசு நோகும்..."

"சரிதான்... இப்ப உங்களுக்கு உடம்பும் முட்டியும் நோகுதே, அதுக்கு யாருங்க பொறுப்பு?"னார் டாக்டர்.

பூரணம் அக்கா லேசுப்பட்ட ஆளா? அன்னைக்கு ராத்திரி தம்பி வர்றார்... அடுப்புல தோசைக்கல் இல்ல! அக்கா செருப்பை மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிறாங்க.

"வண்டியை இங்கயே போடுடா. கண்மாய்க்கரையைச் சுத்திக்கிட்டு உன் வீட்டுக்குப் போவோம்."

"அக்கா... பசிக்குதே..."

"உன் பொண்டாட்டி போடுவா, நட!"

அங்க செண்பகம் தட்டு நிறைய காய் வச்சிருக்காங்க. நெய்க் கிண்ணத்தைக் காணோம். தினமும் இதே கதைதான். டாக்டர் கொடுத்த மாத்திரையும் விடல.

இந்த வருஷம் தேர் வந்துச்சு. புள்ள கையை நீட்டுச்சு... தூக்கினார்... தோள்ல உக்காந்துடுச்சு!

"அப்பா, தேர் தெரியுதுப்பா! சாமியே தெரியுதுப்பா!"

தேர் நிலைக்கு வர்ற வரைக்கும் இறக்கவே இல்லைங்க. பின்னால அக்காவும் பொண்டாட்டியும் சிரிச்சுக்கிட்டே கண்ணைத் துடைக்கிறாங்க.

தாய்மார்களே... உங்க பாசத்துல நான் குத்தம் சொல்லுவேனா? ஆனா பாசத்தைக் காட்ட தோசைக்கல் ஒண்ணுதான் வழியா? நாளைக்கு உங்க வீட்டுக்காரர் "போதும்மா"ன்னு சொன்னா முகத்தைத் தூக்கி வச்சுக்காதீங்க. கரண்டியைக் கீழ வைங்க... செருப்பை மாட்டுங்க... கூடவே நடங்க!