பழைய டிஸ்கில் இருந்தவை

பழைய கம்ப்யூட்டரைத் திறந்தால் முதலில் தூசியைத்தான் தட்ட வேண்டும். பலர் எடுத்த எடுப்பிலேயே புதுப் பாகங்களை மாட்டிவிட்டு, வேகம் போதவில்லையே என்று அலுத்துக்கொள்வார்கள். எங்கள் அலுவலகக் கம்ப்யூட்டரில் விசிறியையே காணோம். அந்த இடத்தில் சாம்பல் நிறக் கம்பளித் துண்டு மாதிரி ஏதோ ஒன்று முனகிக்கொண்டே சுற்றிக்கொண்டிருந்தது.

உட்காருங்கள், மச்சான். டிஸ்கை மேஜை மேலேயே வையுங்கள். அழிந்ததை மீட்டுத் தருகிற ஆளிடம் அதை எடுத்துப் போனீர்கள் என்று கேள்விப்பட்டேன். அவர் என்ன சொல்லியிருப்பார் என்பதும் தெரியும். நீங்கள் வாய் திறப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் முடங்கிக் கிடக்கும் உங்கள் தங்கைக்கு இதில் எதைச் சொல்வது, எதை விடுவது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எங்கள் வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான். லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனம். உங்கள் தங்கைக்குப் போன் மேஜை வேலை. வயர் தொங்குகிற எதுவாக இருந்தாலும் என் தலையில். லிஃப்ட் நடுவழியில் நின்று உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் அழைத்தால் அவள்தான் எடுப்பாள். "பதறாதீங்க, ஆள் கிளம்பியாச்சு. மூச்ச மெதுவா உள்ள இழுங்க. இப்ப மெதுவா விடுங்க. நான் லைன்லயேதான் இருக்கேன்" என்பாள். அந்தக் குரலைக் கேட்டு அடங்காதவர்கள் கிடையாது. ஒரு பெரியவர் வெளியே வந்த பிறகும் போனை வைக்க மனமில்லாமல் தன் மருமகளைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தார். நாளைக்கு ஒருவர் 'கூப்பிட்டோம், யாரும் வரவில்லை' என்று சண்டைக்கு வந்தால் காட்ட வேண்டுமே என்று, வருகிற அழைப்பெல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில் பதிவாகும்.

எங்கள் சிட்டுவும் அந்த எண்ணுக்குத்தான் அழைப்பாள். பள்ளிவிட்டு வந்ததும் பையைக் கழற்றுவதற்கு முன்பே அம்மாவைக் கூப்பிட்டுவிட வேண்டும். மேலாளர் பார்த்தும் பாராததுபோல் இருந்துவிடுவார். அவளுக்கு இழுப்பு இருந்தது உங்களுக்கே தெரியும். மூச்சு திணறினால் இன்ஹேலரை எடுப்பாள். கூடவே அம்மாவின் குரலும் வேண்டும். லிஃப்டில் மாட்டியவர்களுக்குச் சொல்கிற அதே வார்த்தைகளை இவள் மகளுக்கும் சொல்வாள். ரொம்பச் செல்லம் கொடுக்காதே, தானாகச் சமாளிக்கப் பழகட்டும் என்று நான் சொல்வதுண்டு. "உங்களுக்குப் பொறாமைங்க" என்று சிரிப்பாள். பொறாமை எல்லாம் இல்லை. ஒரு குழந்தைக்கு அம்மா மட்டும் போதும் என்று ஆகிவிடக் கூடாது, அவ்வளவுதான் என் எண்ணம்.

சிட்டு போன பிறகு உங்கள் தங்கை மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதையே விட்டுவிட்டாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு மகள் பேசியதைக் கேட்பாள். மாடிப்படிக்குக் கீழே பூனை குட்டி போட்டது. கணக்கு டீச்சர் தும்மினால் வகுப்பே அதிர்வது. "தண்ணி பாட்டில தொலைச்சிட்டேன்மா, அப்பாகிட்ட சொல்லிடாத." இவள் தனக்குள் சிரிப்பாள். கேட்கக் கேட்கக் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருக்கும், துடைக்க மாட்டாள். நான் எதிர் மேஜையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

கடைசி நாளுக்கு மட்டும் பதிவு இல்லை. அதுதான் அவளை அரித்தது. அன்று காலை ஷூவைச் சுத்தம் செய்யவில்லை என்று மகளைத் திட்டியிருந்தாள்.

"ஒரு நாள் தப்பாம கூப்பிடுறவ. அன்னைக்கு மட்டும் ஏங்க கூப்பிடல? மூச்சு முட்டும்போதுகூட என்மேல கோவமாவா இருந்தா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள்.

"குழந்தைங்க மனசுல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்" என்பேன். ஆறுதலாகத்தான் சொன்னேன்.

அந்தச் சமயத்தில்தான் மேலாளர் கம்ப்யூட்டரை மாற்றலாம் என்றார். புதிது வாங்க அவருக்கு மனம் வரவில்லை. பெட்டி இருக்கட்டும், உள்ளே இருப்பதை மட்டும் மாற்று என்றார். நியாயமான யோசனைதான். ராம் மெமரியைக் கூட்டினேன். இருமிக்கொண்டிருந்த பவர் சப்ளையைக் கழற்றினேன். பழைய ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி என்கிற புது வகை டிஸ்க் வாங்கினோம். பதிவு செய்கிற மென்பொருளும் புதிது. பழையது யார் போனில் எடுத்தார்களோ அவர்கள் ஃபோல்டரில் போட்டுவிடும். அவள் எடுத்தது அவளுடையதில், நான் எடுத்தது என்னுடையதில். புதியது அழைத்தவர் எண்ணை வைத்து அடுக்கும்.

மேலாளர் நல்ல மனிதர். அவளைக் கூப்பிட்டு, "உங்க வீட்டு நம்பரத் தட்டினா போதும்மா. பாப்பா பேசினது எல்லாம் வரிசையா வந்துடும். யார் எடுத்திருந்தாலும் சரி" என்றார்.

அவள் முகம் அப்படி மலர்ந்து வெகு நாளாகியிருந்தது. ஸ்க்ரூ டிரைவர் பிடித்திருந்த என் கையை வந்து பிடித்துக்கொண்டாள். "ஏங்க, வேற எது போனாலும் போகட்டும். அத மட்டும் பத்திரமா ஏத்திடுங்க."

"நான் இருக்கேன்ல" என்றேன்.

பழைய டிஸ்கில் இருப்பதைப் புதியதில் அப்படியே பிரதி எடுக்க வேண்டும். எதிலிருந்து எதற்கு என்று கேட்கும். மாற்றிக் கொடுத்துவிட்டால் புதியதில் இருக்கும் வெறுமை பழையதன்மேல் ஏறி, உள்ளதெல்லாம் போய்விடும். கைதேர்ந்தவர்களே இதில் கோட்டை விட்டிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் கோட்டை விட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். மேலாளர் முன்னால் அழுதேன். அது நடிப்பு இல்லை, மச்சான். உங்கள் தங்கை என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "வேணும்னேவா செய்வீங்க, விடுங்க" என்று என் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

டிஸ்கைப் பார்த்த உங்கள் ஆள் சொல்லியிருப்பது சரிதான். கை தவறி ஒரு தடவை எழுதியிருந்தால் டிஸ்க் இப்படித் துடைத்துவிட்டதுபோல் இருக்காது. முதலில் முழுவதையும் அழித்தேன். ஒரு துணுக்கும் மிஞ்சக் கூடாது என்று திரும்பத் திரும்ப அழித்தேன். அதற்குப் பிறகுதான் பேருக்கு அந்தப் பிரதி வேலையைத் தலைகீழாகச் செய்தேன்.

காரணம், சிட்டு அந்தக் கடைசி நாளும் அழைத்திருந்தாள்.

உங்கள் தங்கை மேலாளர் அறையில் இருந்தாள். அவள் மேஜை போன் அடித்தது. என் போனில் இரண்டு எண்களைத் தட்டினால் அந்த அழைப்பை நான் எடுக்கலாம். எடுத்தேன்; பதிவு என் ஃபோல்டரில் விழுந்தது. "அம்மா" என்றாள். "அப்பா பேசுறேன்டா, சொல்லு" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அப்பா, அம்மாகிட்ட குடுங்க" என்றாள். அம்மா வேலையாக இருக்கிறாள், எதுவானாலும் என்னிடம் சொல் என்றேன். "வேணாம்ப்பா. அம்மாகிட்ட குடுங்கப்பா." இத்தனை வருடம் வளர்த்த அப்பனிடம் சொல்ல முடியாதது என்ன இருக்கிறது என்று எனக்குச் சுருக்கென்றது. அப்படியானால் அப்புறம் பேசு என்று வைத்துவிட்டேன். மறுபடியும் அடித்தது. அடித்து அடித்து ஓய்ந்தது.

அவள் திரும்பி வந்து, "சிட்டு கூப்பிட்டாளா?" என்று கேட்டாள். "இல்லையே" என்றேன். சொன்னால் உடனே அழைத்து ஒரு மணி நேரம் கொஞ்சுவாள். அதற்கு மேல் எனக்கு எதுவும் தோன்றவில்லை. வீட்டுக்குப் போன் செய்யட்டுமா என்று ரிசீவரை எடுத்தாள். "காலைல திட்டினல்ல, கோவமா இருப்பா. விடு, சாயங்காலம் போய்ச் சமாதானப்படுத்திக்கலாம்" என்றேன். ரிசீவரை வைத்துவிட்டாள். நாங்கள் போவதற்குள் பக்கத்து வீட்டு அம்மாள் கதவைத் தட்டிப் பார்த்து, ஆட்களைக் கூப்பிட்டு உடைத்திருந்தார். போன் ரிசீவர் தரையில் கிடந்தது.

போனில் அவள் பேசாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரம் வெறும் மௌனம் இல்லை என்று இப்போது தெரிகிறது. நன்றாகக் கேட்டால் மூச்சு இழுபடுவது கேட்கிறது. அன்று அலுவலகத்தில் ஒரே சத்தம். எனக்குக் கேட்டிருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

கம்ப்யூட்டர் இப்போது அருமையாக ஓடுகிறது. பொத்தானை அழுத்தி நிமிர்வதற்குள் தயாராகிவிடுகிறது. உங்கள் வீட்டுக்கு வருவதற்கு முந்தைய நாள்வரை உங்கள் தங்கை அதன் முன்னால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதில் கேட்க ஒன்றுமில்லை. மகள் தன்னைக் கூப்பிடவே இல்லை என்று நம்பிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டாள், உன்னைத்தான் கேட்டாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் தாங்க மாட்டாள் என்றுதான் சொல்லவில்லை. அவளுக்காகத்தான்.

எல்லாம் அழிந்த பிறகு மூச்சு எப்படிக் கேட்கிறது என்று பார்க்கிறீர்கள். ஆமாம், ஒன்று மிச்சம் இருக்கிறது. அழிப்பதற்கு முன்னால் அந்த ஓர் அழைப்பை மட்டும் என் செல்போனில் ஏற்றிக்கொண்டேன். மற்ற எல்லாப் பதிவுகளையும் ஒன்றுவிடாமல் கேட்டிருக்கிறேன், மச்சான். எதிலும் அவள் என்னைக் கூப்பிடவில்லை. இதில் அப்பா, அப்பா என்று கூப்பிடுகிறாள்.

இதை உங்கள் தங்கையிடம் கொடுக்கச் சொல்லாதீர்கள். அவளிடம் எத்தனையோ இருந்தன. எனக்கு இருப்பது இது ஒன்றுதான்.