பேட்டரி இறங்காமல் இருக்க

ஃபஹாஹீலிலிருந்து குவைத் சிட்டி போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர். மூத்தவர் மடியில் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைக் கட்டிப்பிடித்திருந்தார். “பைக்கை தினமும் ஸ்டார்ட் பண்ணுன்னு பொண்டாட்டிகிட்ட சொன்னேன் பாரு, அதான்டா நான் பண்ணுன தப்பு” என்றார். அதற்குப் பிறகு நான் என் போனைப் பார்க்கவில்லை.

“ஏண்ணே?” என்றார் இளையவர்.

“லீவுல போனா ஓட்டலாம்னு வாங்கி வீட்ல நிறுத்துனேன். சும்மா நின்னா பேட்டரி இறங்கிடும்ல? மொதல்ல ஸ்டார்ட் மட்டும் பண்ணா. அப்புறம் தெருவுக்குள்ள ஒரு ரவுண்டு. நேத்து அறந்தாங்கியிலேர்ந்து தனியா தனுஷ்கோடி போயிட்டா.”

“தனியாவா? மளிகைக் கடைக்கே உங்க தம்பியத் துணைக்குக் கூப்பிடுவாங்கன்னு சொன்னீங்களே!”

“அவளேதான். அங்கேர்ந்து வீடியோ கால் பண்றா. அவ பின்னாடி கடலு. என் பின்னாடி ரூம்ல துணி ஊறப்போட்ட பக்கெட்டு.”

“திட்டுனீங்களா?”

“திட்டத்தான் வாயத் தொறந்தேன். ‘காத்துல ஒண்ணும் கேக்கலங்க’ன்னு வச்சிட்டா.”

“சரி விடுங்க. அடுத்த மாசம் லீவுல போறீங்கல்ல, சாவிய வாங்கிருங்க.”

“கேட்டேன். வேன்லாம் வேணாம், நானே திருச்சி ஏர்போர்ட்டுக்கு வந்து கூட்டிட்டுப் போறேங்கறா.”

இளையவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பெட்டி மேலிருந்த படத்தைக் காட்டினார். “அப்ப இந்த ஹெல்மெட் அவங்களுக்கா?”

“அவகிட்டதான் இருக்கே” என்ற மூத்தவர் பெட்டியைத் திறந்து, ஹெல்மெட்டை எடுத்துத் தன் தலையில் மாட்டிக்கொண்டார். “இது பின்னாடி உக்கார்ற ஆளுக்கு. சரியா இருக்கா பாரு.”