வட்டத்துக்கு வெளியே

— வட்டத்துக்குள்ள தடிப்பே இல்லையேம்மா. நேத்து நல்லாச் செவந்து வீங்கியிருந்துச்சு.

— அதான் டாக்டரம்மா, வந்த மாதிரியே போயிடுச்சு. அரிப்புக்கு ஒரு மாத்திரை எழுதிக் குடுங்க, நானும் மாப்பிள்ளையும் கெளம்புறோம்.

— இருங்க, இருங்க. ஒரு நாள்ல மறைஞ்சா சாதாரணத் தடிப்பு. அப்படியே நின்னுச்சுன்னா, தோலுக்குள்ள சின்னச் சின்ன ரத்தக்குழாய் புண்பட்டிருக்குமோன்னு பார்க்கணும். அதுக்குத்தானே வட்டம் போட்டு அனுப்பினேன். ஆனா நான் போட்டது நீல மை. இது கறுப்பா இருக்கே?

— குளிச்சேன், அழிஞ்சு போச்சு. என் கை என்ன கல்வெட்டா, அழியாம இருக்க? மாப்பிள்ளை திரும்பப் போட்டு விட்டாரு.

— நீங்கதான் போட்டீங்களா சார்?

— ஆமா. அத்தை காட்டின எடத்துல.

— இன்னொரு கையைக் காட்டுங்கம்மா. சால்வையை எடுங்க.

— குளிருது.

— ஃபேனை நிறுத்திட்டேன். எடுங்க.

— விட மாட்டீங்களே. இந்தாங்க.

— இதான் நேத்துப் பார்த்தது. போகவே இல்ல. நடுவுல கன்னிப் போயிருக்கு பாருங்க. அழுத்தினா வலிக்குதா?

— வலிக்குது. நெருப்புப் பட்ட மாதிரி எரியவும் எரியுது.

— இதைப் போய் மறைப்பாங்களா? மரத்துப் போக ஊசி போட்டு, துளியூண்டு தோல் எடுத்துப் பார்க்கணும். கிட்னியையும் பிடிச்சிருந்தா வெளையாட்டு இல்லம்மா.

— எடுக்கணும்னா மாடிக்குத்தான் அனுப்புவேன்னு நேத்தே சொன்னீங்களே. அங்க வராண்டால ஒரு நீள பெஞ்சு கெடக்கு. என் பொண்ணு உள்ள கெடந்தப்ப இவரு அதுலதான் உக்காந்திருந்தாரு. அவ போன பிறகு இந்தத் தெருப் பக்கமே வர்றதில்ல. நேத்து என்னைக் கூட்டிட்டு வந்தப்பகூட வண்டியைத் தெருமுனையிலயே நிறுத்திட்டாரு. மறுபடி அங்க உக்கார வைக்க எனக்கு மனசு வரல.

— போதும் அத்தை.

— என்ன போதும்? பெத்தவ நான் அழுதேன், ஓஞ்சேன். நீங்க அழவே இல்லையே மாப்பிள்ளை.

— சார், தலையைக் குனியாதீங்க. உங்க மேல தப்பில்ல. உங்களையும் சேர்த்துத்தான் ஏமாத்தியிருக்காங்க.

— இல்ல டாக்டர். என் பொண்டாட்டி வலியை மறைச்சப்ப எனக்குத் தெரியல. அத்தை கையை மாத்திக் காட்டினப்ப தெரிஞ்சுது. தெரிஞ்சேதான் வட்டம் போட்டேன்.