நூத்துல ஒரு பங்கு

அய்யய்யோ, மறைச்சிட்டோம் அழிச்சிட்டோம்னெல்லாம் பேசாதம்மா. மொதல்ல அந்தக் கதவச் சாத்திட்டு உக்காரு. வேலைக்குச் சேந்த ஈரம்கூடக் காயல, அதுக்குள்ள இந்த ஆபீசயே கூண்டுல ஏத்துறியே! அதுக்குப் பேரு சுருக்குறது. நம்ம பொழப்பே அதானே?

பூமி என்னிக்காவது சும்மா இருந்திருக்கா? அணையச் சுத்திப் புதைச்சு வெச்ச அதிர்வுக் கருவியெல்லாம் அதோட முக்கல் முனகல ராப்பகலா எழுதித் தள்ளுது. அத்தனையும் வெச்சுக்க நமக்கு எடம் ஏது? அதான் வேவ்லெட்டு. பதிவக் குட்டிக் குட்டி அலையாப் பிரிக்கணும், பெருச வெச்சுக்கணும், பொடிச சல்லடையில விட்ட மாதிரி சலிச்சுக் கொட்டிடணும். உனக்குத் தெரியாததா, நீ படிச்சதே அதான். எனக்கு அந்தக் கணக்கு ஒரு எழவும் புரியல. ஆனா ஃபைலு சிறுத்துச்சு பாரு, அது நல்லாப் புரிஞ்சுது.

ஆமா, சல்லடைக் கண்ணப் பெருசாக்கச் சொன்னது நான்தான். இல்லேங்கலயே! மேலிடம் ஃபைலச் சுருக்கச் சொன்னது பத்துல ஒரு பங்கா. பக்கத்து நிலையத்துல இருக்கானே சொட்டத்தலையன், அவன் இருபதுல ஒரு பங்குன்னு காட்டிக் கைதட்டு வாங்கிட்டான். நான் விடுவேனா? நூத்துல ஒரு பங்கு! அலமாரி மேல மின்னுதே, அந்த ஷீல்டு அதுக்குத்தான். டைரக்டர் கிராஃபுல நம்ம அதிர்வுக் கோட்டப் பாத்துட்டு, யோவ், உன் பக்கம் மட்டும் பூமி குறட்டைகூட விடாமத் தூங்குதேய்யான்னு முதுகுல தட்டுனாரு. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு, போ.

என்னது, கொட்டுனதுல நெசமான அதிர்வும் இருக்கா? இருக்கட்டுமே, பொடிசுதானே?

சரி சரி, கத்தாத. அணையில தண்ணி ஏற ஏற அதுவும் ஏறுதுங்கற. அணைக்கு நேர் அடியிலேந்து வருதுங்கற. நீ அனுப்புன படத்தப் பாத்தேம்மா, செவப்புப் புள்ளியெல்லாம் அழகா வெச்சிருந்த. ஆனா இன்னும் தண்ணிய ஏத்தலாமா வேணாமான்னு நாளைக்கு மீட்டிங். அதுக்கு நம்ம கோட்டத்தான் கேக்குறாங்க. இத்தனை நாளா நூல் புடிச்ச மாதிரி போன கோடு திடீர்னு பேயாட்டம் ஆடுனா என்ன நெனைப்பாங்க? ஏன்யா, இவ்வளவு நாளா என்னத்தப் பாத்தீங்கன்னு கேக்க மாட்டாங்களா? அந்தச் சொட்டத்தலையன் விழுந்து விழுந்து சிரிக்க மாட்டானா? அப்புறம் ஷீல்டத் திருப்பிக் கேப்பாங்க. வாங்குன ஷீல்டத் திருப்பிக் குடுத்த மனுஷன நீ எங்கயாவது கேள்விப்பட்டிருக்கியா?

அணைக்குக் கீழ ஊரு இருக்குதான். யாரு இல்லேன்னா? அவங்ககிட்டப் போயி பூமி லேசா ஆடுதுன்னு சொன்னா பீதிதான் கெளம்பும். மூட்டை முடிச்சோட ரோட்டுக்கு வந்துடுவாங்க. ஒண்ணும் ஆகலேன்னு வெச்சுக்கோ, நம்மளத்தான் காறித் துப்புவாங்க. உனக்கு எதுக்கும்மா இந்த வயசுல அந்தப் பொல்லாப்பு?

அதனால ஒண்ணு செய். சுருக்காத அசல் பதிவு கொஞ்சம் எடுத்து வெச்சிருக்க இல்ல, அத அழிச்சிடு. சுருக்குனப்புறம் அசல வெச்சிருக்கக் கூடாது, விதியே அதான். சல்லடை இருக்கறபடியே இருக்கட்டும். மீட்டிங்குக்கு ஃபைல நீயே அனுப்பிடு, நான் கெளம்பணும். வீட்டுல பொண்ணும் மாப்ளையும் வந்திருக்காங்க.

இல்ல, லீவெல்லாம் இல்ல. அவங்க குடியிருந்தது கீழ அந்த ஊர்லதான், அணையப் பாத்த மாதிரி வீடு. கொஞ்ச நாளைக்கு இங்க வந்து இருங்கன்னு நான்தான் போன் போட்டேன். நீ படம் அனுப்புன அன்னிக்கே. சம்பந்தியம்மா வர மாட்டேன்னு ஒரே ரகளை. காலு கையில விழாத கொறையாக் கெஞ்சி, அவங்களையும் வண்டியில ஏத்தியாச்சு.

ஏம்மா அப்படிப் பாக்குற? யாரையும் விட்டுட்டு வரல. பூனையையும் தூக்கிட்டு வந்துட்டாங்க.